ஐந்தாவது பாட்டுக்கு ஒரு ஓட்டு

செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் மேலே ஏறி வாருங்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீடு. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. டிசம்பர் கடைசி வாரம். இதே நேரத்தில் சபா கேண்டீன்களின் வாசலில், இந்த சீசனில் யாருடைய தோடி மனதில் நின்றது என்று ஒரு கூட்டம் காபி டம்ளரும் கையுமாகப் பேசிக்கொண்டிருக்கும். இந்த மாடியில் பேச்சு வேறு. 2024ல் வந்த தமிழ் ஆல்பங்களில் முதலிடம் எதற்கு?

ஆண்டுதோறும் இப்படி ஒரு ரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது என்று காதில் விழுந்ததிலிருந்தே எப்படியாவது உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். யாருடைய பெயரையும் எழுதக்கூடாது, வேடிக்கை பார்க்க மட்டும் வரக்கூடாது, நானும் பட்டியலோடு வர வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குத் தலையாட்டியதும் கதவு திறந்தது. அப்பப்பா, உள்ளே என்ன ஒரு களேபரம்!

பாயில் சம்மணமிட்டிருப்பவர் அண்ணாச்சி. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவர். ஸ்பீக்கருக்கு மிக அருகில் இடம் பிடித்திருப்பவர் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா, அசைக்க முடியாத ரஹ்மான் கட்சி. ஜன்னலோரம் தமிழ் டீச்சர். பாட்டு ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு வரிகளை மட்டும் வாயசைப்பவர். கழுத்தில் ஹெட்போனோடு கல்லூரித் தம்பி. கீபோர்டு வாசிக்கும் ஐடி இளைஞர். ஒரே வீட்டிலிருந்து வந்தும் ஒருவர் பட்டியலை மற்றவருக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கும் ஒரு தம்பதி. இன்னும் நாலைந்து பேர். நடுவில் ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு ஃபிளாஸ்க் டீ, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி.

சட்டதிட்டங்களைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் பத்து ஆல்பங்களை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவர வேண்டும். முதலிடத்துக்குப் பத்து மதிப்பெண், பத்தாவது இடத்துக்கு ஒன்று. படம் ஓடியதா, விமர்சனம் எப்படி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. எடுத்தால் அடுத்த டீ அவர் செலவு. யூடியூப் பார்வைக் கணக்கைச் சொன்னால் டீயோடு பஜ்ஜியும் சேர்த்து. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்துப்போன விதி ஒன்று உண்டு. முதலிடத்துக்கு எழுதிய ஆல்பத்துக்காக வாதாட ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டலாம். அது படத்தின் முதல் சிங்கிளாக இருக்கக் கூடாது. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சாட்சிப் பாட்டு’.

அந்த விதிக்குப் பின்னால் ஒரு கவலை இருக்கிறது. இன்று ஒரு படத்தின் பாட்டுகள் ஒரே நாளில் வருவதில்லை. முதல் சிங்கிள், இரண்டாவது சிங்கிள் என்று லிரிக் வீடியோக்களாகத் தவணையில் வருகின்றன. ரீல்ஸில் அதிலிருந்து முப்பது நொடி மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது. படம் வெளியாகும் வாரத்தில்தான் மிச்சப் பாட்டுகள் ஓசைப்படாமல் ஜூக்பாக்ஸில் வந்து சேரும். அதற்குள் ஊர் அடுத்த படத்தின் சிங்கிளுக்குப் போயிருக்கும். ஐந்தாவது பாட்டை, ஆறாவது பாட்டை யார் கேட்கிறார்கள்? இதோ, இந்த மாடியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்! ஓர் இசையமைப்பாளர் எந்த வரிசையில் வைத்தாரோ அந்த வரிசையில், ஒன்றைக்கூடத் தாண்டாமல், தீம் மியூசிக் உட்பட.

“எங்க காலத்துல ஸ்கிப் பண்றதுக்கு வழியே கிடையாது தம்பி. ஃபார்வர்ட் பண்ணா டேப் சிக்கிடும். அதனாலயே பி சைடு கடைசிப் பாட்டு வரைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம்” என்கிறார் அண்ணாச்சி. அவருடைய கடைக்கு ஆட்கள் கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்களாம். அறுபது நிமிட கேசட்டா, தொண்ணூறு நிமிட கேசட்டா என்று கேட்டு, நிமிடக் கணக்குப் போட்டு, இரண்டு பக்கத்துக்கும் பிரித்துப் பதிவு செய்து கொடுப்பார். பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தால்? “எனக்குப் புடிச்ச பாட்டு ஒண்ண போட்டு அனுப்பிருவேன். கேக்காத பாட்டு. பத்து நாள் கழிச்சு அதே ஆளு வந்து, அண்ணாச்சி, கடைசியில வந்துச்சே, அது எந்தப் படம்னு கேப்பாரு பாருங்க...” சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கேட்ட எனக்கும் அப்படித்தான். இன்று இங்கே நடக்கும் எல்லாமே அந்த மிச்ச மூன்று நிமிடத்தின் தொடர்ச்சிதான் என்று உடனே புரிந்துவிட்டது.

சரி, விளக்கை அணையுங்கள். வாக்கெடுப்புக்கு முன் ஒரு விளையாட்டு உண்டு: குரலைக் கண்டுபிடிப்பது. கீபோர்டு இளைஞர் லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் போடுகிறார். ‘கேப்டன் மில்லர்’ படத்தின் ‘கோரனாறு’. பாடுவது யார்? “தேவா!” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். சரிதான். இன்னும் இருக்கிறார்கள். “சந்தோஷ் நாராயணன்!” அதுவும் சரி. “ஷான் ரோல்டன்!” மூன்றும் சரி! ஜி.வி. பிரகாஷ் குமார் இசையமைத்த ஒரே பாட்டில் இன்னும் மூன்று இசையமைப்பாளர்கள் பாடகர்களாக வந்து நிற்கிறார்கள். நான்கு இசையமைப்பாளர்கள், ஒரு பாட்டு! டீச்சர் கண்ணைத் திறக்காமலே சேர்த்துக்கொள்கிறார்: “வரி உமாதேவி. ‘தங்கலான்’ல ‘மினிக்கி மினிக்கி’யும் அவங்கதான். இசை யாருதுன்னு மட்டும் பேசுறீங்களே, எழுதினவங்க பேரையும் பலகையில போடுங்க.” அந்த நிமிடமே பலகையில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது.

அடுத்த கேள்வி அக்காவிடமிருந்து. ‘ராயன்’ படத்தின் ‘வாட்டர் பாக்கெட்’டில் ஒலிக்கும் பெண் குரலும், ‘அமரன்’ படத்தின் ‘ஹே மின்னலே’வில் ஒலிக்கும் பெண் குரலும் யாருடையவை? தம்பி இரண்டு வெவ்வேறு பெயர்களைச் சொல்கிறார். அக்கா இரண்டு பாட்டையும் பத்துப் பத்து நொடி மாற்றி மாற்றிப் போடுகிறார். இரண்டுமே ஸ்வேதா மோகன்! ஒன்றில் தெருவோரத் துள்ளல், இன்னொன்றில் பட்டு. ஆண்டு முழுக்க இரண்டையும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டதில்லை. தம்பி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா விடவில்லை: “அந்த வாட்டர் பாக்கெட்ல கூடப் பாடுறது சந்தோஷ் நாராயணன். ரஹ்மான் சார் மியூசிக்ல சந்தோஷ் பாடுறார். வருஷம் ஃபுல்லா ஒருத்தர் வீட்டுல இன்னொருத்தர் வந்து பாடிட்டுப் போயிருக்காங்க, கவனிச்சீங்களா?”

கவனிக்கத்தான் வைக்கிறார்கள் இவர்கள். அதுதான் இந்த இடத்தின் போதை.

இனி தேதிச் சண்டை. ஒரு ஆல்பம் 2024ஐச் சேர்ந்தது என்று எப்படி முடிவு செய்வது? ‘நிலவுக்கு என்மேல் என்னடி கோபம்’ படத்தின் ‘கோல்டன் ஸ்பாரோ’ ஆகஸ்ட் கடைசியிலேயே வந்து ஊரைக் கலக்கிவிட்டது. படம் வருவதோ 2025 பிப்ரவரியில். முழு ஆல்பம் வரவில்லை என்றால் ஓட்டு இல்லை என்று தீர்ப்பு. தம்பிக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. சாய் அப்யங்கரின் ‘கட்சி சேர’வும் ‘ஆச கூட’வும்? இரண்டும் தனிப் பாட்டுகள், ஆல்பம் அல்ல. “திப்பு, ஹரிணி ரெண்டு பேரோட பையன், பின்ன எப்படிப் பாடாம இருப்பான்” என்று அண்ணாச்சி ஆசீர்வாதம் மட்டும் செய்தார், மதிப்பெண் தரவில்லை. தம்பி அசரவில்லை. சினிமாவுக்கு வெளியே ராப் பாடகர் அறிவு தன் பாட்டியின் பெயரில் வெளியிட்ட ‘வள்ளியம்மா பேராண்டி’ முழு ஆல்பம்தானே என்று எடுத்துப் போட்டார். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் கதையில் முளைத்த பாட்டுகள் அறையை நிரப்பியதும் யாரும் மறுத்துப் பேசவில்லை. பலகையில் ஏறியது.

‘விடுதலை’ இரண்டாம் பாகம் டிசம்பர் 20ல்தான் வந்தது. இளையராஜாவின் பாட்டுகளை ஊறவைத்துக் கேட்க வேண்டும், கடைசி நேரத்தில் வந்தால் எப்படி ஓட்டுப் போடுவது என்று ஒரே அங்கலாய்ப்பு. இதே ஊறவைக்கிற நியாயத்தை ரஹ்மான் கட்சி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறதே! ‘ஸ்லோ பாய்சன்’ என்பது அவர்களுடைய பழைய மந்திரம். “ரஹ்மான் பாட்டுக்கு ஒரு வாரமாவது டைம் குடுக்கணும்” என்று அக்கா சொன்னபோது ராஜா கட்சியிலிருந்தும் கைதட்டல் வந்தது. எண்பதைத் தாண்டிய ஒருவரும், அவருக்குப் பின்னால் 1992ல் ‘ரோஜா’வோடு நுழைந்தவரும், 2024லும் ஒரே பலகையில் போட்டி போடுகிறார்கள். இப்படி ஒரு ஊர் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

பிறகு அறையின் சூடு மாறியது. 2024ன் ஆல்பங்களில் இதுவரை இல்லாத ஒன்று நடந்திருக்கிறது. மறைந்த பாடகர்களின் குரல்கள் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு புதிய பாட்டுகளில் ஒலித்தன. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’வில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும். ‘தி கோட்’ படத்தின் ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாட்டில் பவதாரிணி. ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’வில் மலேசியா வாசுதேவன். ஒரே ஆண்டில் நான்கு குரல்கள். இவற்றுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்கு மலேசியா வாசுதேவன் பாடிய ‘பொதுவாக எம்மனசு தங்கம்’ அவர் கடையில் எத்தனை கேசட்டில் ஏறியிருக்கும் என்று கணக்கே இல்லை. “அந்தக் குரல திரும்பவும் ரஜினி படத்துல கேட்டப்ப உடம்பு சிலிர்த்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அதுலயே அவரு மகன் யுகேந்திரனும் பாடுறாரு. அப்பனும் புள்ளையும் ஒரே பாட்டுல. ஆனா ஒண்ணு. மூச்சு எங்க விடணும், எந்த எழுத்த அழுத்தணும்னு முடிவு பண்றதுதான் பாடகன். அத வாசுதேவன் பண்ணலையே?”

கீபோர்டு இளைஞர் மென்மையாக மறுத்தார். பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக ரஹ்மான் வெளிப்படையாகவே சொன்னதை நினைவூட்டினார். “அடியில ஒரு மனுஷன் பாடினாத்தான் அண்ணாச்சி மேல அந்தக் குரலப் போர்த்த முடியும். மூச்சும் அழுத்தமும் அவரோடது. அவர் பேரையும் நாம தேடித் தெரிஞ்சுக்கணும்.” இந்த வாதம் யாரும் எதிர்பாராதது. எனக்கும் புதிய வாசல் திறந்தது.

பவதாரிணி விஷயத்தில் யாரும் வாதாடவே இல்லை. 2024 ஜனவரி 25 அன்று மறைந்தவர். ‘பாரதி’ படத்தின் ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ பாட்டுக்காகத் தேசிய விருது பெற்றவர். அவருடைய குரலைத் தம்பி யுவன் தன் இசையில் மீண்டும் ஒலிக்க வைத்த பாட்டு அது. “தம்பி அக்காவக் கூப்பிட்டிருக்கான். அதுக்கு மார்க் போட நமக்கு யோக்யதை கிடையாது” என்றார் வங்கி அக்கா. ஆல்பத்துக்கு வழக்கம்போல ஓட்டு உண்டு, மீட்டெடுத்த குரலை யாரும் ஆதாரமாகக் காட்டி வாதாட வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். எந்தக் குழுவும் எந்த விருதும் இவ்வளவு அக்கறையோடு இந்தக் கேள்வியை எடுத்துப் பேசியிருக்குமா என்று தெரியவில்லை. இந்த மாடியில் பேசினார்கள், எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

கனம் இறங்க ஒரு பாட்டு வேண்டுமே? தம்பி போட்டார் பாருங்கள், ‘நீ பொட்டு வெச்ச’! அறை மொத்தமும் எழுந்து ஆடியது! 1989ல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்தின் இளையராஜா பாட்டு, 2024ல் ‘லப்பர் பந்து’ வழியாகக் கிரிக்கெட் மைதானத்துக்குள் நுழைந்து, அந்தப் படம் பிறந்தபோது பிறக்காத பிள்ளைகளின் வாயிலெல்லாம் ஏறிக்கொண்டது. அந்தப் பழைய படத்தின் நாயகன் விஜயகாந்த் மறைந்து ஓராண்டு ஆகும் வாரம் இது. ஆட்டத்தில் அந்த அன்பும் கலந்திருந்தது. விதிப்படி பழைய பாட்டுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் ‘லப்பர் பந்து’வுக்கு ஷான் ரோல்டன் போட்ட சொந்தப் பாட்டுகள் உண்டே, அவை இந்தப் பழைய பாட்டின் நிழலில் மறைந்துவிடக் கூடாது என்று தம்பதியில் கணவர் போராடினார். அவருடைய சாட்சிப் பாட்டும் ஒலித்தது. அதில் உருகிய மனைவி, தன் உறையைப் பிரித்துப் பட்டியலை மாற்றலாமா என்று கேட்டார். கூடாது! ஒட்டியது ஒட்டியதுதான்!

இப்போது உறைகள் பிரிகின்றன. சாட்சிப் பாட்டுகள் ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன. அக்கா ‘ராயன்’ சார்பில் ‘வாட்டர் பாக்கெட்’டையே மீண்டும் போட்டு, எல்லோரையும் பேஸ் கிட்டாரை மட்டும் கேட்கச் சொன்னார். கேட்டோம்; வேறு பாட்டாகவே ஆகிவிட்டது. டீச்சர் ‘மெய்யழகன்’ சார்பில் எழுந்தார். கமல்ஹாசன் பாடியவற்றைப் போடுவார் என்று நினைத்தேன். அவர் போட்டது ‘டெல்டா கல்யாணம்’. “இந்த ஆல்பத்துல எல்லாரும் அழுற பாட்டப் பத்தியே பேசுறீங்க. சிரிக்கிற பாட்டு ஒண்ணு இருக்கு, கேளுங்க.” ‘96’ படத்துக்குப் பின் இயக்குநர் பிரேம்குமாரும் கோவிந்த் வசந்தாவும் மறுபடி சேர்ந்த ஆல்பம், கல்யாண வீட்டுக் கலகலப்பு இல்லாமல் அழும் பாட்டுகளின் வலி இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது என்பது அவர் வாதம். இன்னொருவர் ‘வாழை’க்காக ‘பாதவத்தி’யைப் போட்டார். ஒப்பாரியின் சாயலில் ஒலிக்கும் அதைக் கேட்டு முடித்ததும் வாதமே தேவைப்படவில்லை, எல்லோரும் தலையசைத்தார்கள்.

பலகையில் எண்கள் ஏறின. ‘ராயன்’ முந்துகிறது. ‘மெய்யழகன்’ தொடுகிறது. ‘தங்கலான்’, ‘வாழை’, ‘அமரன்’ பின்னாலேயே. ‘ப்ளூ ஸ்டார்’ திடீரென்று மூன்று உறைகளில் தலைகாட்டியது. ஜனவரியில் வந்ததைக்கூட மறக்காமல் டிசம்பர் வரை வைத்திருக்கிறார்கள்! அதுவும் கோவிந்த் வசந்தா. ‘ரயிலின் ஒலிகள்’ ஆண்டு முழுக்கக் காதில் ஓடியதாக மூவரும் சொன்னார்கள். ஒரே ஒரு உறை மிச்சம். ‘ராயன்’, ‘மெய்யழகன்’ இரண்டும் சரிசமம்! கடைசி உறை அண்ணாச்சியுடையது. இரண்டு கட்சியும் அவர் கையையே பார்க்கிறது.

பிரித்தார். முதலிடம்: ‘ஜமா’.

“என்னது?” என்றது அறை. ஆகஸ்டில் வந்த, தெருக்கூத்துக் கலைஞர்களைப் பற்றிய அந்தப் படத்துக்கு இளையராஜா இசையமைத்திருந்ததைப் பாதிப் பேர் மறந்தே போயிருந்தார்கள். மீதிப் பேர் கேட்டதே இல்லை. வேறு யாருடைய பட்டியலிலும் அது இல்லை. அண்ணாச்சி பதற்றப்படாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஒரு தடவ போடுங்க. புடிக்கலைன்னா நான் வாபஸ்” என்றார். போட்டார்கள். கூத்தின் தாளமும் ராஜாவின் வாத்தியக் கோர்வையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும் இடத்தில் கீபோர்டு இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும், “முதல்லேருந்து போடுங்க” என்றார் அக்கா. ரஹ்மான் கட்சி அக்கா! அடுத்து தம்பி தன் போனில் மொத்த ஆல்பத்தையும் தேடிச் சேமித்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நானும் சேமித்தேன்.

அண்ணாச்சி கேசட் பக்கத்தின் கடைசி மூன்று நிமிடத்தை இன்னும் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

முதலிடம் யாருக்கு என்று கேட்கிறீர்களா? அண்ணாச்சியின் பட்டியலில் ‘மெய்யழகன்’ இரண்டாவது, ‘ராயன்’ மூன்றாவது. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ‘மெய்யழகன்’ ஜெயித்தது. டீச்சர் துள்ளிக் குதித்தார். அக்கா வாழ்த்திவிட்டு, அடுத்த டிசம்பருக்கு இப்போதே சவால் விட்டார். ஆனால் கீழே இறங்கி வரும்போது படிக்கட்டில் எல்லோரும் பேசிக்கொண்டது ‘ஜமா’வைப் பற்றித்தான்.

என் பட்டியலில் முதலிடம் ‘வாழை’க்கு. தோற்றதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. நான் கேட்காமல் விட்ட பாட்டுகளோடு வீட்டுக்குப் போகிறேன் என்பதில் வந்த குதூகலம் அப்படி! முதலிடம் சொல்வதற்கு விருதுகளும் பார்வை எண்ணிக்கைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. எண்ணிக்கையில் அகப்படாத ஐந்தாவது பாட்டை ஒருவர் ஆண்டு முழுக்கக் காதுக்குள் பத்திரமாக வைத்திருந்து, டிசம்பரில் இன்னொருவர் காதில் சேர்ப்பதற்குத்தான் ரசிகர்கள் வேண்டும். இப்படி ஒரு கூட்டம் இருக்கும்வரை ஆல்பம் என்ற வடிவம் சாகாது.

இதைப் படிக்கும் நீங்களும் ஒரு தாளை எடுங்கள். இந்த ஆண்டு உங்களுக்குப் பிடித்த பத்து ஆல்பங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், சிங்கிளாக வராத ஒரு பாட்டின் பெயரையும் எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில், அந்த ஆல்பத்தை இன்றிரவே முதல் பாட்டிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பிறகு, உங்களோடு எதிலும் ஒத்துப்போகாத ஒரு ரசிகரைத் தேடிப் பிடியுங்கள். ஸ்பீக்கரை அவரே கொண்டுவருவார். பஜ்ஜி மட்டும் உங்கள் செலவு!